அரைப்பேர் தோட்டம் பேர் வாங்கிய கதை

போன மாதம் தலவாக்கலையில் ஒரு கல்யாணப் பந்தியில், இளம் தோட்ட உத்தியோகத்தர்கள் இருவர் என் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். தோட்டத்தில் ஆள் நிற்பதே இல்லை என்பதுதான் அவர்கள் பேச்சு. வீடு கொடுத்தாலும் நிற்பதில்லை, சலுகை கொடுத்தாலும் நிற்பதில்லை. நான் பாறைமேட்டுத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும் ஒருவர் கேட்டார்:

"ஒங்க காலத்துல மட்டும் எப்புடிங்க ஐயா ஆள் நின்னாங்க?"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இலை முன்னால் உட்கார்ந்து சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. "எங்க காலத்துலயும் மொதல்ல நிக்கலைங்க தம்பி" என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் அட்டனில் படித்தவன். படிப்பு முடிந்ததும் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை வேலை பழகினேன். தண்ணீர் வடியும் கான் வெட்ட அளப்பது, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்வது, பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரித்து மலைகளுக்கு அனுப்புவது எல்லாம் அங்கே கற்றவை. அது நல்ல தோட்டம். அங்கே இடம் காலியாக இல்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது திம்புள்ளப் பக்கம், தலவாக்கலைக்கு மேலே, பாறைமேட்டில்தான். அதன் இங்கிலீஷ் பேர் வேறு. ஜனங்கள் பாறைமேடு என்பார்கள்.

தலவாக்கலை ஸ்டேஷனில் இறங்கி, எதிரே இருந்த காசிம் நானாவின் கடையில் தேநீர் குடித்தபடி வழி கேட்டேன்.

"எந்தத் தோட்டம் தம்பி?"

"பாறைமேடுங்க நானா."

கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "அரைப்பேர் தோட்டமா?"

"இல்லீங்க, பாறைமேடு."

"அதத்தான் நானும் சொல்றேன். பொட்டியப் பிரிக்காம வைங்க தம்பி. அங்க போற உத்தியோகத்தர் எல்லாம் கொஞ்ச நாள்ல இந்தக் கடையிலதான் திரும்பி வந்து டீ குடிப்பாங்க."

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். அன்றைக்குப் பேர் விழுந்தால் நாள் சம்பளம் உண்டு. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். எல்லாத் தோட்டத்திலும் இருந்த வழக்கம்தான். பாறைமேட்டில் அது ஒரு தொழிலாகவே நடந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசின் முகம் கண்டாக்கு நிற்கும் பக்கம் திரும்பியிருக்கும். கண்டாக்கு என்றால் வெளிவேலை முழுவதற்கும் தலைவர், எங்களுக்கெல்லாம் மேலே, துரைக்கு அடுத்தவர். கொழுந்து கொண்டுவரும் பெண்களுக்குத் தராசின் முதுகு மட்டும் தெரியும். கூடைக்கு என்று கொஞ்சம் கழிப்பார். மழை நாளில் தண்ணீருக்கு என்று கழிப்பார். வெயில் நாளிலும் பனித்தண்ணீருக்கு என்று கழிப்பார். கடைசியில் அவர் வாய் சொல்வதுதான் ராத்தல் கணக்கு. கேள்வி கேட்டவளுக்கு மறுநாள் கொழுந்தே இல்லாத மலை கிடைக்கும்.

நல்லவேளையாக என்னைக் கவ்வாத்து மலைக்குப் போட்டார்கள். தேயிலைச் செடிகளை வெட்டிச் சீராக்கும் ஆண்களோடு என் பொழுது போனது. அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்த்தேன். ஏமாற்றப்படுகிறோம் என்று தெரிந்த ஜனங்கள் தாங்களும் ஏமாற்றினார்கள். மேலே இளங்கொழுந்து, அடியில் முற்றிய இலை, நடுவில் ஒரு கை ஈர மண். யாரும் பார்க்காத மூலையில் செடியை உருவிவிட்டுப் போவார்கள். பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்து ஓய்ந்த பிறகுதான், வரிசை வீடுகளான லயத்திலிருந்து முதல் ஆள் வெளியே வருவார். ஒரு குடும்பம் ராவோடு ராவாக வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது என்ற செய்தி அடிக்கடி வரும். யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஒருநாள் மத்தியானம் ஸ்டோரை ஒட்டியிருந்த விறகுக் கொட்டகையில் நெருப்புப் பிடித்தது. தேயிலை அரைக்கும் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். ஜனங்கள் மலையிலிருந்து இறங்கி வந்து ரோட்டில் வரிசையாக நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். அப்போதிருந்த துரை, வெள்ளைக்காரர், கத்திக்கொண்டு ஓடி வந்தார். "ஏன் நிக்கிறே? தண்ணி எடு" என்றார். கூட்டத்தில் யாரோ, மரியாதை குறையாத குரலில் சொன்னார்கள்:

"இந்த வேலைக்குப் பெரட்டுல எங்க பேரக் கூப்புடலீங்களே தொரை."

கொட்டகை எரிந்து முடிந்தது. ஸ்டோர் தப்பியது காற்று மாறி அடித்ததால்தான்.

அந்த ஆண்டுகளில் எங்கள் ஜனங்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த நாட்டில் பிரஜாவுரிமை இல்லை, வோட்டு இல்லை. நீ எந்த ஊர் என்று கேட்டால் சொல்வதற்குத் தோட்டத்தின் பேர் ஒன்றுதான் மிச்சம். பாறைமேட்டு ஆட்கள் அதையும் சொல்லக் கூசினார்கள். அட்டன் தேர்த் திருவிழாவில் யாராவது விசாரித்தால் "திம்புள்ளப் பக்கம்" என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுவார்கள். அந்தத் தோட்டத்துக்குப் பெண் கொடுக்க ஆள் இல்லை. அங்கிருந்து பெண் எடுக்கவும் யோசித்தார்கள்.

பிறகு அந்தத் துரை சீமைக்குப் போனார். ஜயவீர துரை வந்தார். சிங்களவர். காலிப் பக்கத்துக்காரர் என்று சொல்லிக்கொண்டார்கள். வெள்ளைக்காரர் அல்லாத ஒருவர் பெரிய பங்களாவுக்கு வருவது எங்களுக்குப் புதிது. உயரம் குறைவு, கண்ணாடி போட்டவர். நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். யாரையும் புகழ்ந்து பேச மாட்டார். நன்றாகச் செய்த வேலையைப் பார்த்தால் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார், அவ்வளவுதான். கோபம் சட்டென்று வரும். நாங்கள் அவரிடம் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை.

வந்த சில நாளில் கவ்வாத்து மலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கணக்கப்பிள்ளை, நான் பேசுற தமிழ் எப்படி இருக்கு?"

"நல்லா வெளங்குதுங்க சார்."

"விளங்குறது சரி. கேக்க எப்படி இருக்கு?"

நான் பக்கத்துச் செடியின் வெட்டைப் பார்க்கக் குனிந்தேன். அவரே சொன்னார்: "எனக்கு ஒரு கிளாக்கர் தமிழ் சொல்லிக் குடுத்தார். வா, போ, எடு, வை, வெட்டு. பரீட்சை பாஸ் பண்ணியாச்சு. ஆனா ஒரு ஆளை உக்காரச் சொல்ல எனக்குத் தெரியாது. மரியாதையா எப்படிச் சொல்றது?"

"உக்காருங்கன்னு சொல்லணுங்க சார். 'ங்க' சேத்தாப் போதும்."

"எல்லாத்துக்கும் அதுதானா?"

"எல்லாத்துக்கும் அதுதாங்க சார்."

செடிகளைப் பார்த்தபடியே "வாங்க, போங்க, எடுங்க, வெட்டுங்க" என்று மெல்லச் சொல்லிக்கொண்டு நடந்தார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வந்து, பெண்கள் நிற்கும் பக்கம் போய் நின்றார். அங்கிருந்து தராசைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. "இதைத் திருப்புங்க" என்றார். கண்டாக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். துரை தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கொக்கியைக் கழற்றித் திருப்பி மாட்டினேன்.

வரிசையில் முதலாவதாக மாரியாயி நின்றாள். முப்பது வயதிருக்கும். வாய் திறக்கப் பயப்படாதவள். அதனாலேயே வருஷக்கணக்காக மோசமான மலைகளில் கொழுந்து எடுத்தவள்.

"மாரியாயி, கூடையை வைங்க" என்றார் துரை, பேர்ப் புத்தகத்தைப் பார்த்து.

அவள் திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். பின்னால் நின்றவளும் திரும்பிப் பார்த்தாள். வரிசை கடைசிவரை திரும்பியது. "ஒங்களத்தான்" என்றார் துரை. அவள் கூடையை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். மாரியாயி பேசாமல் நின்றதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அன்று ஏற்பட்ட ஒழுங்கை நான் ஓய்வு பெறும்வரை கடைப்பிடித்தேன். காலையில் முதல் நிறுவைக்கு முன் வெறும் கூடை ஒன்றை எல்லார் முன்னும் தொங்கவிட வேண்டும். அது எவ்வளவோ அவ்வளவுதான் கழிக்கலாம். மழை நாளில் ஏதாவது ஒரு கூடையை நிறுத்து, அதிலுள்ள கொழுந்தைச் சாக்கில் உதறிப் பரப்பி, தண்ணீர் வடிந்ததும் மறுபடி நிறுக்க வேண்டும். குறைந்ததுதான் அன்றைய தண்ணீர்க் கழிவு. எந்தக் கூடை என்பதைப் பெண்கள் சொல்வார்கள். தராசடியில் அவர்கள் சார்பில் ஒருத்தி நின்று முள்ளைப் பார்க்கலாம். பெண்கள் மாரியாயியைக் காட்டினார்கள். மலையில் கொழுந்தே இல்லாத நாளில் யாருக்கும் அரைப்பேர் போடக் கூடாது, முழுப்பேர்தான். அது மலையின் குறை, ஆளின் குறை அல்ல. கவ்வாத்து மலையோடு நிறுக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது.

இதை எல்லாரும் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைத்தால் தவறு. முதல் மாதங்களில் கொழுந்து முன்னைவிடக் குறைந்தது. இது எத்தனை நாளைக்கு என்று ஜனங்கள் ஆழம் பார்த்தார்கள். கெட்டிக்காரிகள்கூடக் கையை மெதுவாக ஓட்டினார்கள். மண் போட்ட கூடைகளும் வந்துகொண்டுதான் இருந்தன. ஆபீசில் எனக்கு முன்னாலேயே கண்டாக்கு துரையிடம் சொன்னார்:

"நான் சொன்னேன் பாருங்க சார். எடம் குடுத்தா இவங்க தலைக்கு மேல ஏறிடுவாங்க. பழையபடி தராசத் திருப்புங்க, ஒரே வாரத்துல கொழுந்து வந்துரும்."

"இத்தனை வருஷம் ஏமாத்தின தராசு. கொஞ்ச மாசத்துல நம்பச் சொல்றீங்களா? நீங்களா இருந்தா நம்புவீங்களா?"

கண்டாக்கு அந்த வருஷமே வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அவருடைய கொள்கைக்கு ஏற்ற தோட்டங்கள் அப்போது நிறைய இருந்தன.

ஜனங்களின் மனம் திரும்பியது தராசடியில் அல்ல, பெரட்டில். மாரியாயியின் புருஷன் ராமையா கவ்வாத்து ஆள். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தோட்டத் தலைவர். ஒருநாள் மாலை துரை மலையைச் சுற்றிவரும்போது ராமையா வெட்டிய ஒரு வரிசை மட்டும் மிகவும் தாழ்ந்திருப்பதைக் கண்டார். மறுநாள் காலைப் பெரட்டில் எல்லார் முன்னிலையிலும் திட்டினார். செடியைக் கொல்லுகிறாய் என்றார். கோபத்தில் 'ங்க' எல்லாம் பறந்துவிட்டது. ராமையா தலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்தின் முகங்களில், எல்லாத் தொரையும் ஒன்றுதான் என்ற பழைய எழுத்து மறுபடி தெரிந்தது.

வேலைக்குப் போனதும் துரையை அந்த வரிசைக்குக் கூப்பிட்டேன். வந்தார். முழங்காலை ஊன்றிக் குனிந்து, வெட்டுவாயை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். தண்டின் உள்ளே உளுத்திருந்தது. உளுத்த பாகம் போகும்வரை வெட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் செடி மொத்தமும் போகும். வரிசையின் கடைசிவரை பார்த்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

அடுத்த நாள் பெரட்டில் ஆட்களைப் பிரிக்க ஆரம்பித்தேன். துரை கையைக் காட்டி நிறுத்தினார்.

"நேத்து இங்க நின்னு ராமையாவைப் பத்தி நான் பேசினது தப்பு. செடியில நோவு இருந்தது. அவர் வெட்டினது சரி. நான் சரியாப் பாக்காம பேசிட்டேன். எல்லார் முன்னாலயும் பேசினதால எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

ராமையா, "சரிங்க தொரை" என்றார். பிறகு துரை என்னைப் பார்த்து, "பிரிங்க" என்றார். நான் ஆட்களைப் பிரித்தேன்.

அந்த வாரம் தலவாக்கலைக்குப் போனபோது காசிம் நானா கேட்டார்: "ஒங்க தொரை பெரட்டுல நின்னு தப்புன்னு ஒத்துக்கிட்டாராமே, நெசமா தம்பி? பஸ்ஸெல்லாம் இதே பேச்சு." அட்டன்வரை போயிருந்தது அந்தச் செய்தி.

அதன் பிறகு நடந்தவற்றை யாரும் உத்தரவு போட்டுச் செய்யவைக்கவில்லை. ஒருநாள் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணின் கூடையில் முற்றிய இலை கிடந்தது. நான் வாய் திறப்பதற்குள் மாரியாயி அதைக் கை நிறைய அள்ளி ரோட்டோரம் வீசினாள்.

"இந்த எலை நம்ம தோட்டத்துல எடுபடாது. கெட்ட பேரு வாங்கிக் குடுக்கவா வாக்கப்பட்டு வந்தே?"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் அவளுக்குப் பக்கத்து வரிசையில் நின்று மாரியாயியே கொழுந்து எடுத்துக் காட்டினாள். எங்கள் டீமேக்கர் அமைதியானவர். ஸ்டோரில் தேயிலை செய்யும் பொறுப்பு அவருடையது. அந்த மாதம் கொழுந்தைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "எந்த மலைக் கொழுந்து இது?" என்று கேட்டு ஆள் அனுப்பினார். பல வருஷமாக எடுத்த அதே மலைதான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்தப் பேச்சு வந்தது. அறுபதுகளின் தொடக்கம். எங்கள் ஸ்டோரை மூடி, பாறைமேட்டைப் பக்கத்துப் பெரிய தோட்டத்தோடு சேர்த்துவிடக் கொழும்புக் கம்பனி யோசிக்கிறது. ஸ்டோர் பழையது. மலை ஓடையிலிருந்து வாய்க்காலில் வரும் தண்ணீரால் ஓடுகிற டர்பைன்தான் அதற்கு உயிர். மாற்றாக இருந்த எண்ணெய் எஞ்சினும் உடைந்து கிடந்தது. சேர்த்துவிட்டால் ஸ்டோர் ஆட்களுக்கு வேலை போகும். லயங்களில் பாதியைப் பிரித்து அனுப்புவார்கள். பாறைமேடு என்ற பேரே இருக்காது, பெரிய தோட்டத்தின் மேல் டிவிஷன் ஆகிவிடும். கம்பனியின் சார்பில் தோட்டங்களைப் பார்வையிடும் பெரிய துரையை நாங்கள் வீஏ துரை என்போம். அவர் திங்கட்கிழமை வந்து பார்த்து முடிவு சொல்வதாக இருந்தது.

சனிக்கிழமை பின்நேரம், கடைசி நிறுவை முடிந்து கொழுந்து முழுவதும் ஸ்டோர் மாடிக்கு ஏறிய பிறகு, மலை சரிந்தது. ஆனி மாத மழை விடாமல் ஒரு வாரமாகக் கொட்டியிருந்தது. ஸ்டோருக்கு மேலே வாய்க்கால் வளைந்து வரும் இடத்தில் ஒரு துண்டு மலை, வாய்க்காலோடு பள்ளத்துக்குப் போய்விட்டது. டர்பைன் நின்றது. மாடியில் கொழுந்து வாட்டும் பெரிய காற்றாடிகளும் நின்றன.

ஈரக் கொழுந்து காற்றில்லாமல் குவிந்து கிடந்தால் உள்ளே சூடேறும். சூடேறினால் சிவக்கும். சிவந்த கொழுந்தைக் குப்பையில்தான் கொட்ட வேண்டும். இருட்டுவதற்குள் முடிந்த அளவு மெல்லியதாகப் பரப்பிவிட்டோம். மறுநாள் மாலைவரை தாங்கினால் பெரிது என்றார் டீமேக்கர். வீஏ துரை நிற்கும் இடத்தில் அழுகிய கொழுந்தின் வாடை அடிக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை லீவு நாள். விடிந்ததும் துரையும் நானும் சரிவைப் பார்க்கப் போனோம். வழியில் லயத்துப் பக்கமிருந்து பேச்சுக் குரல் கேட்டது. மண்வெட்டி, அலவாங்கு, கூடை, கயிறு, பழைய தகரம் எல்லாவற்றோடும் ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ராமையா. தப்பு அடிக்கவில்லை, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அவர்களுக்குப் பின்னால் பெண்கள் ஸ்டோருக்குத் திரும்பும் பாதையில் இறங்கினார்கள்.

துரை பாதையின் குறுக்கே நின்றுவிட்டார்.

"யாரும் மேல போகக் கூடாது. மண் இன்னும் நிக்கல. ஸ்டோர் போனாப் போகட்டும்."

"ஸ்டோரு போனா நாங்களும் போயிருவோமுங்க தொரை" என்றார் ராமையா.

"ஆள் செத்தா நான் என்ன பதில் சொல்றது?"

"சாக வரலீங்க. எப்புடிப் போனா ஆபத்தில்லைன்னு சொல்லுங்க, அப்புடிப் போறோம்."

துரை சரிவை மேலிருந்து கீழ்வரை கண்ணால் அளந்தார். பிறகு சொன்னார்: சரிவின் உச்சியில் இருவர் மண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே ஒரு வெடிப்பு தெரிந்தாலும் கீழே தகவல் வர வேண்டும். மழையில் குரல் கேட்காதே என்றேன் நான். "தப்பு கேக்கும்" என்றார் ராமையா. தப்புச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் கிழக்குப் பக்கப் பாறைக்கு ஓட வேண்டும், எதற்காகவும் திரும்பக் கூடாது. ஒவ்வொருவரையும் அதைத் திருப்பிச் சொல்லவைத்த பிறகே துரை வழிவிட்டார்.

வாய்க்காலை மறுபடி வெட்ட அங்கே மண்ணே இல்லை. இரண்டு பக்கமும் உறுதியான இடத்தில் மரக்கட்டைகளை ஊன்றி, நடுவில் பலகையும் தகரமும் வைத்து ஒரு தொட்டிப் பாதை போட்டால் தண்ணீரைத் தாண்டவைக்கலாம் என்று முடிவாயிற்று. ஸ்டோரில் இருந்த தேயிலைப் பெட்டிப் பலகை எல்லாம் வந்தது. சிலர் தங்கள் கோழிக்கூட்டுத் தகரத்தையே பிடுங்கி வந்திருந்தார்கள். பாதி வேலை ஆகியிருக்கும். தப்பு அடித்தது.

எல்லாரும் ஓடினோம். பாறையில் ஏறித் திரும்பிப் பார்க்கும்போது, நாங்கள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய மண்கட்டி மெதுவாக, அவசரமே இல்லாததுபோல் நழுவிப் பள்ளத்தில் விழுந்தது. ராமையா ஒவ்வொருவர் பேராகக் கூப்பிட்டார். எல்லாரும் பதில் கொடுத்தார்கள். துரையின் பேரை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "தொரை?" என்றார். "இருக்கேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கண்ணாடி இல்லாமல், இடுப்புவரை சேறோடு நின்றார். அப்போதுதான் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம். கட்டைகள் அசையாமல் நின்றிருந்தன. மண் அடங்கியது என்று மேலே இருந்தவர்கள் சொன்னதும் மறுபடி இறங்கினோம்.

ஸ்டோருக்குள் நடந்ததை டீமேக்கர் பிறகு சொன்னார். பெண்கள் மாடியிலிருந்த கொழுந்தில் பாதியைக் கூடைகளில் இறக்கி, பள்ளிக்கூடத்திலும் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவிலும் சாக்கு விரித்துப் பரப்பியிருக்கிறார்கள். மீதியைத் தட்டுத் தட்டாகக் கையாலேயே புரட்டிக்கொண்டிருந்தார்கள். "உள்ள கைய விட்டுப் பாரு. சூடு தெரிஞ்சா ஒடனே கலைச்சு விடு" என்று மாரியாயி ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்திருக்கிறாள். காற்றாடி செய்ய வேண்டிய வேலையை அத்தனை கைகள் செய்தன.

பின்நேரம், வேலை முடியும்வரை ஓடையை மறித்திருந்த பலகையை எடுத்தோம். தண்ணீர் தொட்டிப் பாதைக்குள் இறங்கியது, இரண்டு இடத்தில் ஒழுகியது, ஆனால் தாண்டியது. நாங்கள் அதோடு கூடவே வாய்க்கால் ஓரமாக ஓடினோம். ஸ்டோரை நெருங்கும்போது டர்பைன் முனகி, தயங்கி, பிறகு தன் பழைய சத்தத்தைப் பிடித்தது. ஜன்னல் வழியாகப் பெண்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். ராமையா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். கொழுந்து அன்றே அரைபட்டது.

திங்கட்கிழமை காலை வீஏ துரை வந்தார். ரோட்டில் சேறு இருந்ததால் ஜீப்பை விட்டுவிட்டு நடந்தே வந்தார். சரிவையும் தொட்டிப் பாதையையும் ஸ்டோரையும் பார்த்தார். தேயிலையை ருசி பார்த்தார். பிறகு பெரட்டுக் களத்துக்கு வந்தபோது, ஞாயிறு வேலைக்கு எல்லாருக்கும் முழுப்பேர் போடச் சொல்லித் துரை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வீஏ துரை காது கொடுத்துக் கேட்டார்.

"யார் கூப்பிட்டது?" என்றார் கூட்டத்தைப் பார்த்து, தெரிந்த கொஞ்சத் தமிழில்.

"யாரும் கூப்புடலீங்க" என்றார்கள்.

அவர் ஜயவீர துரையிடம் இங்கிலீஷில் சொன்னது எனக்கு விளங்கியது. கூப்பிடாமல் அன்பினால் வந்திருக்கிறார்கள், அதற்குப் பேர் போட்டு ஏன் கெடுக்க வேண்டும் என்றார். ஜயவீர துரையின் முகம் சிவந்தது. என்னைப் பார்த்து, "அவர் சொன்னதை இவங்களுக்குச் சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

மாரியாயி முன்னால் வந்தாள்.

"பேரு வேணாம்னு நாங்க சொல்லலீங்களே. போடணும். கேக்காமலே போடுவாங்கன்னு தெரிஞ்சுதான் கூப்புடாமலே வந்தோம்."

அதை நான் இங்கிலீஷில் சொன்னேன். என் இங்கிலீஷ் சுமார்தான். ஆனாலும் அவருக்கு விளங்கியது. தொப்பியின் விளிம்பைத் தடவினார். பிறகு ஜயவீர துரையைப் பார்த்துத் தலையசைத்தார். முழுப்பேர் விழுந்தது.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து முடிவு வந்தது. ஸ்டோர் மூடப்படாது. வாய்க்காலைச் சிமெந்தில் கட்டித் தருகிறார்கள், புது எஞ்சினும் வருகிறது. சேதி லயத்துக்குப் போனதும் அன்று முழுவதும் தப்புச் சத்தம் ஓயவில்லை. அந்த வருஷத்துத் தேர்த் திருவிழாவில் எங்கள் பிள்ளைகள் "நாங்க பாறைமேடு" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். இடம் இருக்கிறதா என்று மற்றத் தோட்டத்துக் குடும்பங்கள் விசாரித்து வர ஆரம்பித்தன. பெண் கேட்டு வந்தவர்களை மாரியாயி திண்டாட வைத்தாள். "மொதல்ல ஒங்க தோட்டம் எப்புடின்னு சொல்லுங்க" என்பாள்.

அறுபதுகளின் நடுவில் ஜயவீர துரைக்கு மாற்றம் வந்தது. பேர் கெட்டுப்போன இன்னொரு தோட்டத்தைச் சீராக்கக் கம்பனி அவரைக் கேட்டிருந்தது. விரும்பிய குடும்பங்களைக் கூட்டிப் போகலாம், நல்ல லயம் தருவார்கள். கடைசிப் பெரட்டில் அவர் கூச்சத்தோடு கேட்டார்: "யாராவது என்கூட வர்றீங்களா?"

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. ராமையாதான் பதில் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க தொரை. நீங்க அங்க போயி ஒரு பேரு எடுப்பீங்க, எங்களுக்குத் தெரியும். இது நாங்க எடுத்த பேரு. இத உட்டுட்டு எங்கயும் வர முடியாதுங்க."

துரை அதுவரை, பாறையில் நாங்கள் சிரித்தபோதுகூட, எங்கள் முன் வாய்விட்டுச் சிரித்ததில்லை. அன்று சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். என்னையும் கேட்டிருந்தார், பெரிய கண்டாக்கு வேலை தருவதாக. நானும் போகவில்லை.

புதிய துரை வரக் கொஞ்ச நாள் ஆனது. அதுவரை பங்களா பூட்டிக் கிடந்தது. ஒருநாள் நல்ல வெயிலில் டீமேக்கர் குடையைப் பிடித்துக்கொண்டு மலைக்கே ஏறி வந்துவிட்டார். அவர் மலைப்பக்கம் வருவது அபூர்வம்.

"தொரை போயிட்டார்னு சொன்னாங்களே. இன்னும் இருக்காரா?"

"போயிட்டாருங்க. போன கெழமையே."

"பின்ன கொழுந்து அப்புடியே வருதே?"

நான் பதில் யோசிப்பதற்குள் மாரியாயி, வரிசையில் நின்றபடியே, கையை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல் கேட்டாள்:

"தொரையா ஐயா கொழுந்து எடுத்தாரு?"